வாடகைக்கு வந்த விசாரணை அலுவலர்

வந்த முதல் நாளே விசாரணை அலுவலரான அந்த அம்மா எங்கள் கூட்ட அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இந்தப் பெரிய மேசையை வெளியே எடுத்துவிட முடியுமா?" என்று கேட்டார். பன்னிரண்டு பேர் உட்காரும் மேசை. நானும் உதவியாளர்கள் இரண்டு பேரும் தள்ளிப் பார்த்தோம், அசையவில்லை. கடைசியில் ஆவண அறைக்குப் பக்கத்தில் பூட்டிக் கிடந்த பழைய தட்டச்சு அறையைத் திறந்து, ஒரு சின்ன மேசையும் நான்கு நாற்காலிகளும் போட்டோம். அவர் குனிந்து நாற்காலிகளின் உயரம் ஒன்றுதானா என்று பார்த்தார். ஒன்று மட்டும் கைப்பிடி வைத்த அதிகாரி நாற்காலி. அதை வெளியே அனுப்பிவிட்டு வேறொன்று கேட்டார். சரி, இவர் வேறு ரகம் என்று அப்போதே தோன்றியது.

நான் ஒரு பல்கலைக்கழகத்தின் பணியமைப்புப் பிரிவில் 22 வருடமாக இருக்கிறேன். நியமனம், பதவி உயர்வு, விடுப்பு எல்லாம் எங்கள் மேசை வழியாகத்தான் போகும். ஊழியர் மேல் புகார் வந்தாலும் இங்கேதான் வந்து சேரும். போன வருடம் முதன்முறையாக ஒழுங்கு நடவடிக்கை விசாரணைகளை வெளியே ஒரு நிறுவனத்திடம் கொடுத்தோம். பூர்வாங்க விசாரணை, குற்றச்சாட்டுக் குறிப்பாணையை எழுதித் தருவது, சாட்சி விசாரணை, அறிக்கை, இவை அவர்கள் பொறுப்பு. தண்டனை கொடுப்பதா வேண்டாமா என்ற முடிவு பல்கலைக்கழகத்தின் கையில். இரண்டு வழக்குகள் முடிந்திருக்கின்றன. இரண்டிலும் ஒருங்கிணைப்பு வேலை என்னுடையது. இதே மாதிரி சேவையை எடுக்கலாமா என்று யோசிக்கிற பிரிவுக்காரர்களுக்காக எழுதுகிறேன். நிறுவனத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை, குறைகளையும் சொல்லப் போகிறேன் என்பதால். ஐந்துக்கு மூன்று கொடுப்பேன். முதல் வழக்கோடு நிறுத்தியிருந்தால் நாலரை.

எதற்காக வெளியே போனோம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். அதுவரை எங்கள் வழக்கம், மூன்று பேராசிரியர்களைக் கொண்ட குழு. பல்கலைக்கழகம் என்பது ஒரு பெரிய குடும்பம் என்று மேடையில் சொல்வார்கள். விசாரணை என்று வரும்போது அந்தக் குடும்பம்தான் தொல்லை. குற்றம் சாட்டப்பட்டவர் குழு உறுப்பினரின் மாணவருக்குத் தேர்வாளராக இருப்பார். இன்னொரு உறுப்பினர் அடுத்த வருடம் அவருக்குக் கீழே வேலை பார்க்க வேண்டியிருக்கும். பகைத்துக்கொள்ள யாருக்கும் மனம் வராது. பழி தீர்க்க நினைக்கிறவரும் ஒருவர் இருப்பார். ஒரு கோப்பு 14 மாதம் தூங்கியது. குழு ஒரே ஒரு முறை கூடியிருந்தது, அதுவும் அடுத்த கூட்டத்துக்குத் தேதி குறிக்க.

முதல் வழக்கு வேதியியல் துறைப் பண்டகசாலை. மொட்டைக் கடுதாசி ஒன்று வந்தது: கரைப்பான்கள் பின்வாசல் வழியாக வெளியே விற்கப்படுகின்றன என்று. இருப்பை எண்ணிப் பார்த்தால், பதிவேட்டில் இருப்பதைவிட அசிட்டோன் 140 லிட்டர் குறைகிறது. பண்டகக் காப்பாளர் 19 வருட சர்வீஸ்காரர். மறுநாளே தற்காலிகப் பணிநீக்க ஆணை அடித்துக் கொடுத்துவிட்டோம். அடித்தது நான்தான். போதாக்குறைக்கு எங்கள் அதிகாரி ஒருவர் அவரைத் தனியாகக் கூப்பிட்டு, "ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்துவிடு, இத்தோடு முடித்துவிடலாம்" என்று சொல்லி, கடிதமும் வாங்கிக் கோப்பில் கோத்துவிட்டார். ஏறக்குறைய எல்லா அலுவலகங்களிலும் நடப்பதுதான்.

கோப்பைப் புரட்டிய விசாரணை அலுவலர் அந்தக் கடிதத்தில் நின்றார். "இதை எழுதும்போது இவர் மேல் என்ன குற்றச்சாட்டு என்று இவரிடம் எழுத்தில் கொடுத்திருந்தீர்களா?" இல்லை. "அப்படியானால் இவர் எதற்கு மன்னிப்புக் கேட்டிருக்கிறார்?" பதில் சொல்ல வாய் வரவில்லை. கடிதத்தைத் தனி உறையில் போட்டு, இதை ஆதாரமாக எடுத்துக்கொள்ளப் போவதில்லை என்று மேலே எழுதி, கையெழுத்தும் தேதியும் போட்டார். கிழித்துப் போடச் சொல்லவில்லை என்பதைக் கவனித்தேன். கோப்பில் வந்த தாள் கோப்பில்தான் இருக்க வேண்டும்.

அடுத்துப் பணிநீக்க ஆணை. ஏன் நீக்கினீர்கள் என்று கேட்டார். பண்டகசாலைச் சாவி அவரிடம் இருக்கக் கூடாதே என்றேன். சாவியை வாங்கிக்கொண்டு வேறு பிரிவில் உட்கார வைத்தால் போதாதா என்றார். விசாரணைக்கு முன்னால் ஒருவரை வெளியே நிறுத்துவது ஆதாரத்தையும் சாட்சிகளையும் காப்பாற்றுவதற்காகத்தான், அவருக்கு அது முன்கூட்டிய தண்டனையாகிவிடக் கூடாது என்பது அவர் கட்சி. பத்தாம் நாள் ஆணை ரத்தானது. காப்பாளர் தேர்வுப் பிரிவில் விடைத்தாள் கட்டு எண்ண உட்கார்ந்தார். அந்தப் பத்து நாளும் அவர் வீட்டில் என்ன சொல்லிச் சமாளித்தார் என்று நான் கேட்கவில்லை, கேட்கவும் கூச்சமாக இருந்தது.

குற்றச்சாட்டுக் குறிப்பாணை விஷயத்தில்தான் கொடுத்த கட்டணம் வசூலானது. எங்கள் வரைவு வழக்கமான பாணி: "நேர்மையின்றியும் கடமையில் கவனமின்றியும் நடந்து பல்கலைக்கழகத்துக்குப் பெரும் இழப்பை ஏற்படுத்தி, ஊழியருக்கு ஒவ்வாத வகையில் நடந்துகொண்டார்." இதே வாக்கியத்தைப் பெயர் மாற்றி எத்தனை பேருக்கு அனுப்பியிருப்பேன் என்று எண்ண முடியாது. அவர் பென்சிலை எடுத்து ஓரத்தில் கேள்விகளாக எழுதினார். எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை? எந்தப் பொருள்? எவ்வளவு? எந்தப் பதிவேடு, எந்தப் பக்கம்? எந்த விதியின் எந்த உட்பிரிவு? திருடினார் என்கிறீர்களா, கணக்கு ஒழுங்காக வைக்கவில்லை என்கிறீர்களா? கடைசிக் கேள்விக்கு இரண்டு கோடு. இரண்டும் வேறு வேறு குற்றம், ஒன்றுக்கு மறுமொழி சொல்கிறவர் இன்னொன்றில் மாட்டிக்கொள்ளக் கூடாது என்றார்.

திரும்பி வந்த குறிப்பாணையில் நான்கு குற்றச்சாட்டுகள். ஒவ்வொன்றுக்கும் கீழே தேதி, அளவு, ஆவண எண், சாட்சி யார் என்ற விவரம். இணைப்பாக எல்லா ஆவணங்களின் நகல். பதில் தர நாள். உதவிக்கு ஒருவரை அழைத்து வரலாம் என்ற குறிப்பு. படித்ததும், நானே குற்றவாளியாக இருந்தாலும் இதற்குப் பதில் எழுத முடியும் என்று தோன்றியது. எங்கள் பழைய வரைவுக்கு யாராலும் பதில் எழுத முடியாது. "நான் நல்லவன்" என்று வேண்டுமானால் எழுதலாம்.

இதை எழுதும்போது கேம்பிரிட்ஜ் கதை ஒன்று நினைவுக்கு வருகிறது. ரிச்சர்ட் பென்ட்லி பெரிய பண்டிதர், டிரினிட்டி கல்லூரியின் தலைவர், பெரிய சண்டைக்காரரும்கூட. இறையியல் டாக்டர் பட்டத்துக்கு வழக்கத்தைவிடக் கூடுதலாகக் கட்டணம் வாங்கிவிட்டார் என்று அவர் மேல் துணைவேந்தரின் மன்றத்தில் வழக்கு. அழைப்பாணை கொண்டுவந்த ஊழியரிடமே அந்த மன்றத்தைப் பற்றி மரியாதைக் குறைவாகப் பேசிவிட்டார். பல்கலைக்கழகம் 1718இல் அவர் பட்டங்களைப் பறித்தது. பறிக்கும் முன் அவரை அழைத்து ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர் அரசரின் நீதிமன்றத்துக்குப் போனார். 1723ஆம் ஆண்டு வழக்கு என்று சட்டக்காரர்கள் இன்றைக்கும் மேற்கோள் காட்டுவது இதைத்தான். ஆதாமைத் தண்டிப்பதற்கு முன் கடவுளே அவனைக் கூப்பிட்டு, தின்றாயா என்று கேட்டாரே என்றார் ஒரு நீதிபதி. 1724இல் பட்டங்கள் திரும்பி வந்தன. பென்ட்லி யோக்கியரா என்பது வேறு கதை. வம்பு பிடித்த ஆளிடமும் கேட்டுவிட்டுத்தான் செய்ய வேண்டும் என்பது 300 வருடப் பழக்கம். மொட்டைக் கடுதாசி வந்த மறுநாள் ஆணை அடித்த நான் இதை ஒழுங்காகப் படித்தது அதற்கப்புறம்தான்.

சரி, அசிட்டோன். இரண்டு நாள் அந்தத் தட்டச்சு அறைத் தரை முழுக்கக் கோரிக்கைச் சீட்டுகள். 18 மாதச் சீட்டுகளைத் தேதிவாரியாக அடுக்கி, பதிவேட்டை மடியில் வைத்துக்கொண்டு, அந்த அம்மாவின் உதவியாளர் ஒவ்வொன்றாகப் படிக்க, இவர் சரிபார்த்தார். இரண்டாம் நாள் மத்தியானம், "இந்தக் கையெழுத்து வேறா?" என்று ஒரு பக்கத்தைக் காட்டினார். வேறுதான். காப்பாளர் நீண்ட விடுப்பில் இருந்தபோது தற்காலிகமாக ஒரு பையனை உட்கார வைத்திருந்தோம். அசிட்டோன் வருவது இரண்டரை லிட்டர் பாட்டிலில். ஆய்வகங்கள் சீட்டில் எழுதுவது பாட்டில் கணக்கு. பதிவேடு லிட்டர் கணக்கு. நான்கு பாட்டில் என்று சீட்டு வந்தால் பதிவேட்டில் 10 லிட்டர் கழிக்க வேண்டும். அந்தப் பையன் 4 என்று பார்த்து 4 லிட்டரே கழித்திருக்கிறான். ஒரு சீட்டுக்கு 6 லிட்டர் பதிவேட்டில் மட்டும் மிஞ்சுகிறது. அப்படி 21 சீட்டு. 126 லிட்டர்.

நான் கால்குலேட்டரில் மூன்று தடவை போட்டுப் பார்த்தேன். அதே 126தான்.

மீதி 14 லிட்டருக்குக் கணக்கு கிடைக்கவில்லை. மூடி சரியில்லாத பாட்டில், சீட்டு இல்லாமல் அவசரத்துக்கு எடுத்துப் போனது, எதுவாகவும் இருக்கலாம், திருட்டாகவும் இருக்கலாம். அறிக்கையில் அதையும் அப்படியே எழுதினார்கள். பூசி மெழுகவில்லை. திருட்டு நிரூபணமாகவில்லை. விடுப்பிலிருந்து திரும்பிய பிறகு பதிவேட்டைச் சரிபார்க்காமல் 11 மாதம் ஓட்டியது நிரூபணம். இதற்கு நடுவில் யாரும் எதிர்பார்க்காத ஒன்றும் வெளியே வந்தது. துறைத்தலைவர் வெளிநாட்டுக் கருத்தரங்கில் இருந்த வாரத்தில் அவர் கையெழுத்தோடு ஏழு சீட்டுகள். வெற்றுச் சீட்டுகளில் கையெழுத்துப் போட்டுப் புத்தகத்தையே ஆய்வகத்தில் கொடுத்து வைத்திருக்கிறார். எங்கள் பழைய குழுவாக இருந்தால் அந்த ஏழு சீட்டும் கண்ணிலேயே பட்டிருக்காது, பட்டாலும் பட்டதாகச் சொல்லியிருக்க மாட்டோம். இவர்கள் அறிக்கையில் தனிப் பத்தியாக வைத்தார்கள். துறைத்தலைவரின் விளக்கத்தையும் கேட்டு வாங்கிப் பக்கத்திலேயே சேர்த்தார்கள்.

எவ்வளவு ஆதாரம் இருந்தால் போதும் என்பது எங்கள் ஆட்சிக்குழுவில் எப்போதும் வரும் சண்டை. ஒருவர் "துளியும் சந்தேகம் இருக்கக் கூடாது" என்பார், இன்னொருவர் "ஊருக்கே தெரியுமே" என்பார். இவர்கள் அரைப்பக்கத்தில் விளக்கியிருந்தார்கள்: சந்தேகத்துக்கு இடமே இல்லாமல் நிரூபிப்பது குற்றவியல் நீதிமன்ற அளவுகோல். வேலை தொடர்பான உள் விசாரணைக்கு, நடந்திருக்கத்தான் அதிக வாய்ப்பு என்று ஆவணமும் சாட்சியமும் காட்டினால் போதும். ஆனால் வேலையே போகிற குற்றச்சாட்டு என்றால் அந்த ஆதாரம் அழுத்தமாக இருக்க வேண்டும். ஊருக்கே தெரியும் என்பது எந்த அளவுகோலிலும் சேராது. அந்த அரைப்பக்கத்தை நகலெடுத்து வைத்திருக்கிறேன்.

இதுவரைக்கும் நாலரை. இனி இரண்டாவது வழக்கு.

ஒரு பேராசிரியர் மேல் அவருடைய ஆய்வு மாணவி கொடுத்த புகார். சொந்த வேலைகளுக்கு மாணவர்களைப் பயன்படுத்துகிறார், வீடு மாற்றியபோது சாமான் தூக்க வைத்தார், பிள்ளையின் பள்ளிச் செயல்திட்டங்களைச் செய்ய வைத்தார், மறுத்தவர்களின் ஆய்வேட்டில் கையெழுத்துப் போடாமல் இழுத்தடித்தார், மாணவி எழுதிய கட்டுரையில் தன் பெயரை முதலில் போட்டுக்கொண்டார். மொத்தம் ஐந்து குற்றச்சாட்டு. பண்டகசாலை மாதிரி இது தாள் வழக்கு இல்லை, ஆள் வழக்கு. ஆய்வு மாணவரின் வருகைக் கையெழுத்து, உதவித்தொகை நீட்டிப்பு, ஆய்வேடு, நாளைக்கு வேலைக்கு வேண்டிய பரிந்துரைக் கடிதம் எல்லாம் நெறியாளர் ஒருவர் கையில். அவருக்கு எதிராகச் சாட்சி சொல்லச் சொல்வது, உட்கார்ந்திருக்கும் கிளையை வெட்டச் சொல்வது மாதிரி.

இது அந்த அம்மாவுக்கும் தெரிந்திருந்தது. விசாரணை தொடங்கும் முன்பே, சாட்சி சொல்ல இருந்த ஆறு ஆய்வு மாணவர்களுக்கான கையெழுத்து அதிகாரம் எல்லாம் தற்காலிகமாகப் புலத்தலைவருக்கு மாற வேண்டும், மாறிய ஆணையைக் கண்ணால் பார்த்த பிறகுதான் முதல் சாட்சியைக் கூப்பிடுவேன் என்று சொல்லிவிட்டார். நல்ல ஏற்பாடு. மூன்று நாளில் ஆணை வந்தது.

வந்த மறுநாள் அவர்கள் அலுவலகமே அதைக் கெடுத்தது. சாட்சிகளுக்கு யார் எத்தனை மணிக்கு வர வேண்டும் என்ற அட்டவணையை மின்னஞ்சலில் அனுப்பினார்கள். ஒரே அஞ்சல். ஆறு பேருடைய பெயரும் முகவரியும் ஒரே வரியில், எல்லார் கண்ணிலும் படும்படி. மாலை ஆறு மணிக்குள் பேராசிரியர் கைக்குப் போய்விட்டது. எந்த வழியாக என்று தெரியாது, தெரிந்துகொள்ளவும் அவசியமில்லை. ராத்திரி இரண்டு மாணவர்கள் எனக்கு ஃபோன் செய்து, தங்களை விட்டுவிடும்படி கெஞ்சினார்கள். ஒரு பையன், "சார் என்னை ஒன்றும் செய்ததில்லை மேடம், நான் எதற்கு?" என்றான். நான்கு நாளைக்கு முன்னால் அவன்தான் என்னிடம் வந்து, சொல்ல நிறைய இருக்கிறது என்றவன்.

மறுநாள் காலை அந்த அம்மா நேரில் வந்தார். சாக்குச் சொல்லவில்லை, உதவியாளர் தலையில் போடவும் இல்லை. ஆறு பேருக்கும் தானே ஃபோன் செய்து மன்னிப்புக் கேட்டார். ஒருத்தி திரும்பி வந்தாள். அந்தப் பையன் வரவில்லை. விசாரணை செய்வதே தொழிலாக வைத்திருக்கிற நிறுவனம் தனித்தனியாக அஞ்சல் அனுப்பத் தெரியாமல் இருந்ததற்கு அரை நட்சத்திரம் போய்விட்டது. உண்மையில் அதற்கு மேலேயே குறைத்திருப்பேன், அந்த மன்னிப்பு என் காதால் கேட்டதால் விட்டுவிட்டேன்.

கட்டுரைத் தகராறில் இன்னொரு சறுக்கல். யாருடைய பங்கு எவ்வளவு என்று சொல்ல அந்தத் துறை வல்லுநர் ஒருவர் தேவைப்பட்டார். அவர்கள் பட்டியலிலிருந்து ஒருவரைப் போட்டார்கள். பெயரைப் பார்த்ததும் எனக்கு எங்கேயோ கேட்டதாக இருந்தது. பேராசிரியரின் பதவி உயர்வுக் கோப்பை எடுத்துப் பார்த்தால், இருவரும் சேர்ந்து எழுதிய கட்டுரைகள் இரண்டு. சொன்னேன், அன்றைக்கே ஆளை மாற்றிவிட்டார்கள். ஆனால் என் நினைவில் அந்தப் பெயர் இல்லாமல் போயிருந்தால்?

இது சின்ன விஷயம் என்று நினைப்பவர்களுக்கு மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சொல்வேன். அங்கே லாரி நாசர் என்ற மருத்துவர் மேல் 2014இல் ஒரு பெண் பாலியல் புகார் கொடுத்தார். பல்கலைக்கழகம் விசாரித்தது. அவர் செய்தது மருத்துவ முறைதானா என்று கருத்துக் கேட்கப் பிடித்தவர்கள் அதே பல்கலைக்கழகத்தில் அவருக்குத் தெரிந்தவர்கள். சிகிச்சைதான் என்று அவர்கள் சொல்ல, குற்றமில்லை என்று முடித்தார்கள். புகார் கொடுத்தவருக்குக் கொடுத்த அறிக்கை ஒன்று, பல்கலைக்கழகத்துக்குள் போனது கூடுதல் முடிவுரையோடு இன்னொன்று. நாசர் மறுபடியும் நோயாளிகளைப் பார்க்கப் போனார். 2016இல் செய்தித்தாளில் வெளியான பிறகுதான் எல்லாம் வெடித்தது. 2018இல் நூற்றுக்கணக்கான பெண்களுக்கு 50 கோடி டாலர் இழப்பீடு கொடுக்கப் பல்கலைக்கழகம் ஒப்புக்கொண்டது. யாரிடம் கருத்துக் கேட்கிறோம் என்பதில்தான் பாதி விசாரணை இருக்கிறது.

விசாரணை அறைக்குள் நடந்ததைக் குறை சொல்ல மாட்டேன். மாணவி கைப்பேசித் திரைப் படங்களை அச்செடுத்துக் கொண்டுவந்திருந்தாள். அச்சை வாங்கிக்கொண்டாலும், ஃபோனையே மேசையில் வைக்கச் சொல்லி, அசல் செய்தியை இரு தரப்பும் பார்க்கும்படி திறந்து, தேதியும் நேரமும் குறித்துக்கொண்டார்கள். படத்தை யாரும் மாற்றலாம். ஒரு ஞாயிறு காலை 6.40க்கு வந்த செய்தி: "லாரி வந்துவிட்டது. எல்லாரையும் கூட்டிக்கொண்டு வா." அவ்வளவுதான். பேராசிரியர் அதை மறுக்கவில்லை. "அன்பினால் வந்தார்கள். என் பிள்ளைகள் மாதிரி" என்றார். அந்த அம்மா, "வர முடியாது என்று இதுவரை யாராவது சொல்லியிருக்கிறார்களா சார்?" என்று கேட்டார். பேராசிரியர் கொஞ்ச நேரம் மின்விசிறியைப் பார்த்துவிட்டு, "எதற்குச் சொல்லப் போகிறார்கள்?" என்றார். கேள்வியும் பதிலும் சொன்ன சொல் மாறாமல் பதிவில் இருக்கின்றன. அவரே படித்துப் பார்த்துக் கையெழுத்தும் போட்டிருக்கிறார். கையெழுத்துப் போட்டபோது அதில் என்ன இருக்கிறது என்று அவருக்கு உறைத்ததாகத் தெரியவில்லை.

ஐந்தில் மூன்று நிரூபணம். கட்டுரைப் பெயர் வரிசை நிரூபணமாகவில்லை, புது வல்லுநர் இரண்டு தரப்பிலும் நியாயம் இருப்பதாக எழுதினார். கையெழுத்து இழுத்தடித்தது பாதிதான் நின்றது, வராமல் போன பையன்தான் அதற்கு முக்கியச் சாட்சி. இதை அறிக்கையில் படித்தபோது வயிறு எரிந்தது.

ஆட்சிக்குழு தண்டனை கொடுத்தது. அதன் விவரம் என் வாயிலிருந்து வரக் கூடாது. புகார் கொடுத்த மாணவிக்கு ஒரு கடிதம் போக வேண்டும், அதன் வரைவையும் நிறுவனமே கொடுத்தது. முழுக் கடிதமும் இதுதான்: "தங்கள் புகாரின் மீது விதிகளின்படி விசாரணை நடத்தப்பட்டு உரிய நடவடிக்கை எடுக்கப்பட்டது. இத்துடன் இப்பொருள் முடிக்கப்படுகிறது."

அதை நான்தான் அவள் கையில் கொடுத்தேன். நின்றபடியே படித்தாள். தாளைத் திருப்பி, பின்பக்கம் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தாள். "நான் சொன்னது உண்மை என்று சொல்கிறார்களா, பொய் என்று சொல்கிறார்களா மேடம்?" என்று கேட்டாள். எனக்குத் தெரியும். சொல்ல அதிகாரம் இல்லை. "நடவடிக்கை எடுத்திருக்கிறார்கள் அம்மா" என்றேன். அவள் தலையாட்டிவிட்டுப் போய்விட்டாள்.

ஒரு ஊழியரின் தண்டனை விவரத்தை ஊருக்கெல்லாம் சொல்ல முடியாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் உன் ஐந்து குற்றச்சாட்டுகளில் இன்ன மூன்று நிரூபணமாயின, இன்ன இரண்டு இன்ன காரணத்தால் ஆகவில்லை என்று சொல்வதில் என்ன ரகசியம்? ஏழு வாரம் உட்கார்ந்து, பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்து வாங்கி, இவ்வளவு நுணுக்கமாக வேலை செய்தவர்கள் கடைசியில் இந்த இரண்டு வரியை எப்படி எழுதினார்கள் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. கேட்டேன். எல்லா வாடிக்கையாளர்களுக்கும் இதே படிவம்தான் என்றார்கள். குற்றம் சாட்டப்பட்டவருக்குத் தேதி, அளவு, பக்கம் என்று பிரித்துச் சொல்லத் தெரிந்தவர்களுக்குக் குற்றம் சாட்டியவளுக்கு அப்படிச் சொல்லத் தெரியவில்லை. ஒரு முழு நட்சத்திரம் இங்கே போனது.

முடியாத காரியம் என்று யாரும் சொல்ல வேண்டாம். நெதர்லாந்தில் டில்பர்க் பல்கலைக்கழகத்தில் டீடெரிக் ஸ்டாப்பெல் என்ற சமூக உளவியல் பேராசிரியர் இல்லாத தரவுகளை உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தார். 2011இல் மூன்று இளம் ஆய்வாளர்கள் அதைக் கண்டுபிடித்துத் துறைத்தலைவரிடம் சொன்னார்கள். சில நாட்களில் அவரை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். அதற்கு முன் அவர் வேலை பார்த்த இரண்டு பல்கலைக்கழகங்களும் சேர்ந்துகொள்ள, மூன்று குழுக்கள் அவருடைய கட்டுரைகளை ஒவ்வொன்றாகச் சலித்தன. 2012 நவம்பரில் வந்த இறுதி அறிக்கையை யார் வேண்டுமானாலும் படிக்கலாம். எந்தக் கட்டுரையில் மோசடி, எதில் இல்லை, அவர் கொடுத்த பொய்த் தரவை நம்பி ஆய்வேடு எழுதிய மாணவர்கள் அதற்குப் பொறுப்பில்லை என்று பிரித்துப் பிரித்து எழுதியிருக்கிறார்கள். 50க்கும் மேற்பட்ட கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன. சொன்ன மூன்று பேரும் தாங்கள் சொன்னது என்ன ஆயிற்று என்று அச்சில் பார்த்தார்கள். எங்கள் மாணவிக்கு அவ்வளவெல்லாம் வேண்டாம். ஒரு பக்கம் போதும்.

மற்ற விஷயங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அவர்களுடைய இணையதளத்தில் வழக்கு நிலவரம் பார்க்க ஒரு பக்கம் இருக்கிறது, பாதி நாள் திறக்காது, திறந்தாலும் "நடைமுறையில் உள்ளது" என்பதைத் தவிர எதையும் காட்டாது. ஃபோன் செய்தால் எடுப்பார்கள். அறிக்கையின் தமிழ் நன்றாக இருந்தது. ஒப்பந்தத்தில் பிடித்த ஒரு பிரிவு: விசாரணைக்கு நடுவில் குற்றவியல் குற்றம் என்று தோன்றினால் அங்கேயே நிறுத்திவிட்டுக் காவல் துறைக்குச் சொல்லும்படி எழுத்தில் சொல்வார்கள், நாங்கள் செய்யாவிட்டால் விலகிக்கொள்வார்கள். பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் சாண்டஸ்கி என்ற முன்னாள் பயிற்சியாளர் ஒரு சிறுவனிடம் பாலியல் அத்துமீறலில் ஈடுபட்டதைக் கண்ணால் பார்த்ததாக 2001இல் ஓர் இளம் உதவியாளர் சொன்னார். அது மேலே மேலே போய், போலீசுக்கு மட்டும் போகாமல் நின்றது. ஆள் கைதானது 2011இல். அந்தப் பிரிவு ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

எல்லாவற்றுக்கும் இவர்களைக் கூப்பிட வேண்டியதில்லை. தாமதமாக வருகிறார், கோபமாகப் பேசிவிட்டார் என்பதெல்லாம் பிரிவுத் தலைவர் கூப்பிட்டுப் பேசித் தீர்க்கக்கூடியது. அதற்கும் விசாரணை அலுவலர் என்றால் அலுவலகம் தாங்காது. கணக்கு வழக்கு, பதிவேடு, இருப்பு சம்பந்தப்பட்டதென்றால் தயங்காமல் கொடுங்கள். மாணவர்கள் சாட்சியாக வரும் வழக்கென்றால் அஞ்சல் அனுப்புவதை உங்கள் கையில் வைத்துக்கொள்ளுங்கள், வல்லுநர் பட்டியலை நீங்களும் ஒரு தடவை பாருங்கள், முடிவுக் கடிதத்தை அவர்களை எழுத விடாதீர்கள்.

பண்டகக் காப்பாளர் மறுபடியும் பண்டகசாலையில்தான் இருக்கிறார். பதிவேட்டில் இப்போது பாட்டிலுக்கு ஒரு பத்தி, லிட்டருக்கு ஒரு பத்தி. போன வாரம் வேதியியல் துறைத்தலைவர் என் மேசைக்கு வந்து, தேதி போடவில்லை என்று காப்பாளர் ஒரே சீட்டை நான்கு தடவை திருப்பி அனுப்பிவிட்டார், இது ஒத்துழையாமை இல்லையா, குறிப்பாணை கொடுக்க முடியாதா என்று கேட்டார். எழுதிக் கொடுங்கள் சார், எந்தத் தேதி, எந்தச் சீட்டு, எந்த விதி என்று போட்டுக் கொடுங்கள் என்றேன். இன்னும் வரவில்லை.

ஒப்பந்தம் புதுப்பிக்கும் நேரம் இது. புகார் கொடுத்தவருக்கு எது நிரூபணம், எது இல்லை, ஏன் என்று ஒரு பக்கக் கடிதம் தர வேண்டும் என்ற பிரிவைச் சேர்த்துக் குறிப்பு வைத்து அனுப்பியிருக்கிறேன். பதிவாளர் மேசையில் இருக்கிறது. இன்றோடு 16 நாள்.